உதவித் திரை வந்த வழி

பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலின் 14-வது பாடம், சி பிளஸ் பிளஸ் நிரலைப் பைத்தானிலிருந்து ஓட்டுவது பற்றியது. 2019-இல் வந்த புதிய பாடத்திட்டம். காவேரிப்பாக்கத்தில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையும் சென்னையில் ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையும் இந்தப் பாடத்தில்தான் கருப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டி, அதன் பின்னால் ஒரு சிறு கோடும் ஐ என்ற ஆங்கில எழுத்தும் போட்டு, கோப்பின் பெயரைக் கொடுக்கக் கற்கிறார்கள். அந்தக் கோட்டையும் எழுத்தையும் படித்துப் பொருள் கொள்வது கெட்ஆப்ட் என்ற சின்னஞ்சிறு தொகுதி. நிரலுக்குள் அந்த ஐ எழுத்தை ஒட்டி ஒரு முக்காற்புள்ளி இருக்கும். இந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு மதிப்பு வர வேண்டும் என்று அதற்குப் பொருள். 1985-இல் டல்லஸ் நகரில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் ஏடி அண்ட் டி நிறுவனம் கெட்ஆப்ட்டின் மூல நிரலை எல்லோருக்கும் வழங்கியது. அன்றைக்கும் அந்த முக்காற்புள்ளிக்கு இதே பொருள்தான்.

அந்தப் பாட நிரலில் ஒன்று மட்டும் இல்லை. உன்னை எப்படிப் பயன்படுத்துவது என்று நிரலையே கேட்க வழியில்லை. இரண்டு கோடு போட்டு ஹெல்ப் என்று தட்டினால், எந்த வரியில் எது உடைந்தது என்ற நீண்ட பட்டியல் ஓடி, அப்படி ஒரு தேர்வு (ஆப்ஷன்) தெரியாது என்று கடைசியில் முடியும். பாடத்தின் நோக்கம் வேறு என்பதால் இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பாடம் முடித்துச் சொந்தமாக நிரல் எழுதப்போகும் பிள்ளை அடுத்துக் கற்க வேண்டியது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். ஒரு கட்டளை தன்னைப் பற்றித் தானே சொல்ல வேண்டும். அதற்குள் பல துணைக் கட்டளைகள் இருந்தால், ஒவ்வொன்றும் தன் இடத்தில் நின்று தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். பாலாற்றுத் தண்ணீர் வந்து நிறைகிற பெரிய ஏரி. ஆனால் கழனிக்குப் பாய்வது மதகு மதகாகத்தான். மதகடியில் நிற்பவருக்கு அந்த மதகைத் திறந்தால் எந்தக் கழனிக்குப் பாயும், எவ்வளவு திறக்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும். ஏரி முழுவதின் கணக்கையும் அங்கே ஒப்பிக்கத் தேவையில்லை. துணைக் கட்டளையின் உதவித் திரை என்பது இந்த மதகடித் தகவல்தான். இது இன்றைக்குப் பெரும்பாலான கருவிகளில் இருக்கிறது. ஆனால் இப்படி ஆவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

முதலில் உதவி நிரலுக்குள் இல்லை, புத்தகத்தில் இருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பில் 1971 நவம்பர் 3 என்று தேதி இருக்கிறது. கட்டளைக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில், எல்லாப் பக்கமும் ஒரே அமைப்பில் இருக்கும். பெயர், எழுதும் முறை, விளக்கம், தொடர்புள்ள கோப்புகள், தெரிந்த பிழைகள். தாங்கள் எழுதிய நிரலில் தாங்களே கண்ட பிழைகளை மறைக்காமல் அச்சிட்டுக் கொடுத்தார்கள். கையேட்டு மரபிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இந்த நேர்மை. டக் மெக்கில்ராய் பதிப்பித்த ஏழாம் பதிப்பு 1979 ஜனவரியில் வந்தது. அதற்குள் புத்தகம் கணினிக்குள்ளும் ஏறிவிட்டது. மேன் என்று தட்டி, பக்கத்தில் கட்டளையின் பெயரைப் போட்டால் அந்தப் பக்கம் திரைக்கு வரும். இன்றைக்கும் லினக்ஸில் வருகிறது.

ஆனால் புத்தகம் வேறு, நிரல் வேறு. நிரலை மாற்றியவர் பக்கத்தை மாற்ற மறந்தால் இரண்டும் இரண்டு திசையில் போய்விடும். இந்த ஆபத்துக்கு மாற்று அதே காலத்தில் வேறொரு இடத்தில் பிறந்தது. பாஸ்டன் பக்கத்தில் பிபிஎன் நிறுவனத்தில் உருவான டெனெக்ஸ் என்ற இயங்குதளமும், அதன் வழி வந்த டாப்ஸ்-20 தளமும் கேள்விக்குறி ஒன்றைப் பயன்படுத்தின. கட்டளையைப் பாதி தட்டிவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றால், ஒரு கேள்விக்குறி போட்டால் போதும். அந்த இடத்தில் அடுத்து என்னென்ன வரலாம் என்ற பட்டியல் உடனே விரியும். படித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தட்டிக்கொண்டு போகலாம். சென்னையிலோ பெங்களூரிலோ சிசிஎன்ஏ வகுப்புக்குப் போனவர்கள் சிஸ்கோ ரவுட்டரில் இதே கேள்விக்குறியைப் போட்டுப் பார்த்திருப்பார்கள். அது இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

டாப்ஸ்-20-இல் என்னைக் கவர்வது கேள்விக்குறியைவிட அதற்குப் பின்னால் இருந்த ஏற்பாடு. இங்கே ஒரு எண் வரும், இங்கே ஒரு கோப்பின் பெயர் வரும், இங்கே இந்தச் சொற்களில் ஒன்று வரும் என்று நிரல் முன்கூட்டியே இயங்குதளத்திடம் சொல்லிவிடும். தட்டியது சரியா என்று பார்ப்பதும் அந்த விவரத்தை வைத்துத்தான், கேள்விக்குறிக்குப் பதில் சொல்வதும் அதை வைத்துத்தான். மூலம் ஒன்றாக இருப்பதால் உதவி பொய் சொல்ல முடியாது. நிரல் ஏற்காத ஒன்றை உதவி ஏற்பதாகச் சொல்லாது. நிரல் ஏற்கும் ஒன்றை உதவி விட்டுவிடாது. உதவித் திரையைக் கையால் எழுதக் கூடாது, வரையறையிலிருந்து பிறப்பிக்க வேண்டும் என்று இன்று சொல்வதற்கு வேர் இங்கே இருக்கிறது.

துணைக் கட்டளை என்ற அமைப்பு வந்த கதை தனி. 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எஸ்சிசிஎஸ் என்ற கருவியை எழுதத் தொடங்கினார். மூல நிரலின் பழைய வடிவங்களையெல்லாம் பத்திரமாக வைத்து வேண்டியபோது எடுத்துத் தரும் கருவி அது. அதில் எடுப்பதற்கு ஒன்று, சேர்ப்பதற்கு ஒன்று என்று ஒவ்வொரு வேலைக்கும் தனி நிரல். உதவி கேட்பதற்கென்றும் ஒன்று இருந்தது. பிழை நேர்ந்தால் செய்தியோடு ஜிஇ5 என்பது போல் ஒரு குறியீடு வரும். ஹெல்ப் என்று தட்டி அந்தக் குறியீட்டைக் கொடுத்தால், என்ன தவறு, எதைச் சரிபார்க்க வேண்டும் என்று இரண்டு வரி விளக்கம் கிடைக்கும். 1980-இல் பெர்க்லியில் எரிக் ஆல்மன் இந்தத் தனித்தனி நிரல்களுக்கு முன்னால் ஒரே வாசலாக ஒரு நிரலை வைத்தார். முதலில் எஸ்சிசிஎஸ், பிறகு எந்த வேலையோ அதன் பெயர். முதன்மைச் சொல்லுக்குப் பின்னால் வேலைச் சொல் என்ற வரிசை அப்படிப் பரவலானது. டிக் குரூன் 1986-இல் தொடங்கிய சிவிஎஸ், 2000-இல் தொடங்கிய சப்வெர்ஷன், பிறகு கிட் எல்லாம் அதே வரிசையில் வந்தவை.

நடுவில் டாஸ் காலம். 1991-இல் வந்த எம்எஸ்-டாஸ் 5-இல் கட்டளைக்குப் பின்னால் சாய்கோடும் கேள்விக்குறியும் போட்டால் அதன் உதவி வரும். தட்டச்சுப் பயிலகங்கள் கணினி மையங்களாக மாறிய தொண்ணூறுகளில் நம் சிற்றூர்ப் பிள்ளைகள் முதலில் கண்ட உதவித் திரை பெரும்பாலும் அதுதான். குனு திட்டமோ எல்லா நிரலும் இரு கோடு ஹெல்ப்புக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று விதி வகுத்தது. ஹெல்ப்2மேன் என்ற அவர்களுடைய கருவி அந்தப் பதிலை வாங்கி அதிலிருந்தே கையேட்டுப் பக்கத்தை உண்டாக்கும். 1971-இல் புத்தகம் முதலில், நிரலுக்குள் உதவி பிறகு என்று இருந்த வரிசை தலைகீழானது. இப்போது நிரல் பேசுகிறது, புத்தகம் அதைக் கேட்டு எழுதிக்கொள்கிறது.

கிட் கருவியிடம் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு நிரல் எழுதுகிற யாரும் அதைத் தொடாமல் இருக்க முடியாது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் தொடங்கினார். தொடக்க ஆண்டுகளில் கிட், ஒரு கோடு, வேலையின் பெயர் என்று ஒட்டி எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட நிரல்களின் கூட்டமாக இருந்தது. 2008-இல் வந்த 1.6 பதிப்பு அவற்றை உள்ளே ஒதுக்கிவிட்டு, கிட் என்ற ஒரே வாசலை மட்டும் முன்னால் வைத்தது. உதவியை அது இரண்டு அளவில் தருகிறது. துணைக் கட்டளைக்குப் பின்னால் ஒரு கோடும் எச் எழுத்தும் போட்டால் ஒரு திரைக்குள் அடங்கும் சுருக்கம். இரு கோடு ஹெல்ப் போட்டால் முழுக் கையேட்டுப் பக்கம். சுருக்கத்தில் வரும் தேர்வுப் பட்டியலைப் பெரும்பாலும் யாரும் கையால் எழுதுவதில்லை. தேர்வுகளைப் படித்துப் பொருள்கொள்ளும் அதே பட்டியலிலிருந்து அது அச்சாகிறது. 2007-இல் பியர் அபூசி எழுதிச் சேர்த்த ஏற்பாடு அது.

கிட் ஹெல்ப் என்று வெறுமனே தட்டினால் வரும் முகப்புப் பட்டியலும் அப்படித்தான். மூல நிரலுக்குள் ஒரு சாதாரண உரைக்கோப்பு இருக்கிறது. வரிக்கு ஒரு துணைக் கட்டளை, பக்கத்தில் அது எந்த வகை என்ற குறிப்பு. நிரலைக் கட்டும்போதே ஒரு சிறு நிரல் அதைப் படித்து உதவிப் பட்டியலை உண்டாக்கிவிடும். 2015 வரை இந்த முகப்பு அகர வரிசையில் இருந்தது. அந்த ஆண்டில்தான் வேலை தொடங்குவதற்கு இவை, இப்போதைய மாற்றத்துக்கு இவை, வரலாற்றையும் நிலையையும் பார்க்க இவை, மற்றவரோடு சேர்ந்து வேலை செய்ய இவை என்பது போலப் பிரித்தார்கள். என் கணக்கில் இது பெரிய மாற்றம். அகர வரிசை, பெயர் தெரிந்தவருக்குத்தான் உதவும். உதவித் திரைக்கு வருபவரோ பெயர் தெரியாததால்தான் வருகிறார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் தான் செய்ய வேண்டிய வேலை மட்டுமே.

பைத்தானுக்கு இந்த மரபு ஆர்க்பார்ஸ் வழியாக வந்தது. ஸ்டீவன் பெத்தார்ட் எழுதிய இந்தத் தொகுதி 2010-இல் பைத்தான் 2.7-இல் சேர்ந்தது. பாடநூலில் உள்ள கெட்ஆப்ட் தட்டியதைப் பிரித்துக் கையில் கொடுப்பதோடு நின்றுவிடும். ஆர்க்பார்ஸ் அதற்கு மேலும் செய்யும். துணைக் கட்டளையின் பெயர், அதற்கு ஒரு வரி விளக்கம், அது ஏற்கும் தேர்வுகள் என்று அறிவித்துவிட்டால் போதும், முகப்புப் பட்டியலையும் ஒவ்வொரு துணைக் கட்டளையின் தனித் திரையையும் அதுவே எழுதிக்கொள்ளும். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அறிவிக்கும்போது அந்த ஒரு வரி விளக்கத்தைக் கொடுக்காமல் விட்டால், துணைக் கட்டளை விளக்கப் பட்டியலில் வராது. மேலே அடைப்புக்குறிக்குள் பெயர்கள் வரிசையாக நிற்குமே, அதில் மட்டும் இருக்கும். வேலை செய்யும், ஆனால் யார் கண்ணிலும் படாது. 2012-இல் விளாடிமிர் கெலெஷெவ் வெளியிட்ட டாக்ஆப்ட் இதையே எதிர்ப்பக்கத்திலிருந்து செய்தது. உதவித் திரையை எப்படித் தெரிய வேண்டுமோ அப்படியே உரையாக எழுதிக் கொடுத்தால், அதைப் படித்து, எதை ஏற்க வேண்டும் என்று நிரல் தானே கற்றுக்கொள்ளும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் மூலம் ஒன்றே.

இத்தனையும் ஆங்கிலத்தில். தமிழில் என்ன ஆகும்?

எனக்கு இந்தக் கேள்வி வேலை வழியாக வந்தது. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு சிறிய தோல் ஜாப் வொர்க் பட்டறையில் அக்கா மகன் கணக்குப் பார்க்கிறான். டேனரியிலிருந்து வரும் லாட், டிரம்முக்குப் போனது, கழித்துக் கட்டியது, கையில் மிச்சம், சதுர அடி எவ்வளவு என்று நோட்டில் எழுதிவந்ததைக் கணினியில் ஏற்ற ஒரு நிரல் வேண்டும் என்றான். பழைய கணினி, லினக்ஸ் போட்டது. அதற்குக் கருப்புத் திரைக் கருவியே போதும் என்று தோல்கணக்கு என்ற பெயரில் எழுதிக் கொடுத்தேன். வரவு, டிரம், கழிவு, இருப்பு என்று நாலு துணைக் கட்டளைகள். ஆர்க்பார்ஸுக்குத் தமிழ்ப் பெயர் ஒரு பொருட்டே இல்லை. தமிழில் அறிவித்தால் தமிழில் ஏற்றுக்கொள்கிறது. ஒரே துணைக் கட்டளைக்கு மாற்றுப் பெயரும் கொடுக்கலாம் என்பதால், தமிழ் விசைப்பலகைக்கு மாற மறந்து ரோமன் எழுத்தில் இருப்பு என்று அடித்தாலும் வேலை நடக்கும்.

உதவி கேட்கும் தேர்வையும் தமிழாக்கினேன். ஆர்க்பார்ஸ் தானாகச் சேர்க்கும் ஹெல்ப்பை நிறுத்திவிட்டு, --உதவி என்று நாமே ஒன்றை அறிவித்து, இது வந்தால் உதவியைக் காட்டு என்று சொல்லிவிடலாம். முதன்மைக் கட்டளையில் இப்படிச் செய்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு துணைக் கட்டளைக்கும் தனியாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் தனி ஆள். இந்த அறிவிப்பை ஒரு பொதுத் தாய் வரையறையில் எழுதி, எல்லாத் துணைக் கட்டளைக்கும் அதைப் பெற்றோராகக் காட்டினால் திரும்பத் திரும்ப எழுதும் வேலை மிச்சம்.

ஆர்க்பார்ஸ் தன் பங்குக்குச் சேர்க்கும் ஆங்கிலச் சொற்கள் சில உண்டு. பயன்பாடு, தேர்வுகள் போன்ற தலைப்புகள், பிழைச் செய்திகள். இவை பெரும்பாலும் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு ஏற்பாட்டின் வழியாகத்தான் திரைக்கு வருகின்றன. தமிழ்ச் சொற்கோப்பு ஒன்று செய்து வைத்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். கிட் 2012-இல் பிற மொழிகளில் பேசத் தொடங்கியதும் இதே ஏற்பாட்டால்தான். கத்தலான், பல்கேரியம், வியட்நாமியம் என்று தன்னார்வலர்கள் செய்தார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. செல்லாத துணைக் கட்டளை தட்டினால் வரும் செய்தியில், தட்டியதற்கும் சரியானவற்றின் பட்டியலுக்கும் இடம் விட்டிருக்கும். அந்த இடங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால் ஆங்கில வரிசையைக் கலைத்து, தமிழ் வாக்கியத்துக்கு எது முன்னே வர வேண்டுமோ அதை முன்னே வைக்கலாம். வேற்றுமை உருபை நேரே ஒட்டினால் சொல் உடையும் என்பதால், தட்டியதை மேற்கோளுக்குள் வைத்து 'என்ற துணைக் கட்டளை இல்லை' என்று முடித்தால் எந்தச் சொல் வந்தாலும் வாக்கியம் கோணாது.

இதுவரை வேலை சுலபம். வரிசை பிடிப்பதில்தான் தமிழ் மாட்டிக்கொண்டது.

உதவித் திரையின் அழகே இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் விளக்கம், விளக்கங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் தொடங்குவது என்பதுதான். பெயருக்குப் பின்னால் தேவையான அளவு இடைவெளி சேர்த்து இதைச் செய்கிறார்கள். எவ்வளவு சேர்ப்பது என்று தெரிய, பெயரின் நீளம் தெரிய வேண்டும். கட்டளை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது நாலெழுத்து: க, ட், ட, ளை. யூனிகோடில் அது ஆறு குறியீடு, ஏனென்றால் புள்ளியும் ஐகாரக் குறியும் தனித்தனி. யூடிஎஃப்-8 கோப்பில் அது 18 பைட். சி மொழியின் பிரின்ட்எஃப் இடைவெளி சேர்க்கும்போது இந்த 18-ஐத்தான் பார்க்கும். பைத்தானும் ஆர்க்பார்ஸும் 6 என்று எண்ணும். முனையம் என்கிற அந்தக் கருப்புத் திரை இவை எதையும் கேட்காது. அதற்கென்று ஓர் அகலக் கணக்கு இருக்கிறது, அதன்படி புள்ளிக்கு இடமே இல்லை, ஐகாரக் குறிக்கு ஒரு கட்டம். ஆக 5 கட்டம். ஒரே சொல்லுக்கு 4, 5, 6, 18 என்று நாலு நீளம். யார் எந்த எண்ணை நம்பி இடைவெளி சேர்த்தாலும் விளக்கங்கள் ஏணிப்படி மாதிரி ஏறி இறங்கி நிற்கும்.

திரையின் அகலக் கணக்கிலேயே ஒரு வினோதம் உண்டு. கி என்றால் இரண்டு கட்டம், கீ என்றால் ஒரே கட்டம். யூனிகோடு இகரக் குறியை இடம் அடைக்கும் குறியாகவும், ஈகாரக் குறியை எழுத்தின் மேல் உட்காரும் குறியாகவும் வகைப்படுத்தியிருப்பதால் வந்த விளைவு. நெடிலுக்குக் குறிலைவிடக் குறைந்த இடம். கொம்பு வைத்த எழுத்துகளின் பாடு இன்னும் மோசம். மெய்க்குப் பின்னால் சேமிக்கும் குறியை முன்னால் வரைய வேண்டும். கட்டம் கட்டமாக வரைகிற முனையம் பலவற்றில் கொம்பு தவறான பக்கம் நிற்கிறது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்-16 குறியீட்டில் உயிர்மெய்க்கு ஒரே குறியீடு. அங்கே கட்டளை என்றால் நாலு. எண்ணிக்கை நேராக இருந்திருக்கும். ஆனால் உலகத்தின் முனையங்கள் யூனிகோடில் நிற்கின்றன, நாம் அங்கேதான் வழி தேட வேண்டும்.

எழுத்துகளைச் சரியாக எண்ணுவதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்த ஓப்பன்-தமிழ் தொகுதியில், ஒரு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும் செயல்கூறு உண்டு. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் என்ற கட்டற்ற மென்பொருள் இதழைச் சுற்றி இயங்குபவர்களும் இதில் உழைத்திருக்கிறார்கள். ஆனால் எழுத்து எண்ணிக்கை சரியானாலும் வரிசை நேராவதில்லை. ளை எழுத்தின் அகலமும் ர எழுத்தின் அகலமும் ஒன்றல்ல. சம அகல எழுத்துரு என்ற கருத்தே ரோமன் எழுத்துக்கு அளந்து தைத்தது.

ஆகவே நான் நேர்கோட்டு ஆசையை விட்டேன். பெயர் ஒரு வரியில், விளக்கம் அதற்குக் கீழ் வரியில் சற்று உள்ளே தள்ளி. விளக்கம் எப்போதும் வரித் தொடக்கத்திலிருந்து எண்ணி வைக்கப்படுவதால், பெயரின் நீளம் எத்தனை என்ற கேள்வியே எழுவதில்லை. ஆர்க்பார்ஸில் இதற்கு ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். விளக்கம் தொடங்கும் இடம் அதிகபட்சம் 24-வது கட்டம் என்று வைத்திருக்கிறார்கள். அதை 6 ஆக்கினால், பெயருக்குப் பக்கத்தில் இடமில்லை என்று அது தானே அடுத்த வரிக்குப் போய்விடும். திரை இப்படி ஆனது:

பயன்பாடு: தோல்கணக்கு <வேலை> [தேர்வுகள்]

    வரவு
      டேனரியிலிருந்து வந்த லாட்டைப் பதிய
    டிரம்
      டிரம்முக்குப் போன எண்ணிக்கையைப் பதிய
    கழிவு
      செலக்‌ஷனில் கழித்ததைப் பதிய
    இருப்பு
      கையில் உள்ள எண்ணிக்கையும் சதுர அடியும் பார்க்க

80 கட்ட அகலம் என்பது 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் இருந்து வந்த வழக்கம். தமிழ் விளக்கம் ஆங்கிலத்தைவிட நீளமாக ஓடும். கீழ் வரிக்கு வந்ததால் அதற்கும் இடம் கிடைத்தது. கிட் 2015-இல் செய்ததையும் எடுத்துக்கொண்டேன். வரிசை அகரத்தில் இல்லை, தோல் உள்ளே வந்து வெளியே போகும் ஒழுங்கில் இருக்கிறது.

முதல் வாரத்தில் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, வரவுன்னு அடிச்சேன், அதுக்கப்பறம் இன்னா அடிக்கணும்?" வரவு என்று தட்டி --உதவி போடு என்றேன். போட்டான். லாட் எண், எண்ணிக்கை, தேதி என்று தேர்வுகள் வந்தன. "இது இன்னா மாமா, ஒண்ணும் புரியல. ஒரு தபா நீயே அடிச்சிக் காட்டேன்." அவனுக்கு வேண்டியது எடுத்துக்காட்டு. ஒவ்வொரு துணைக் கட்டளையின் உதவித் திரைக்கும் அடியில், நிஜமாக ஒரு நாள் அடிக்கக்கூடிய ஒரு வரியைச் சேர்த்தேன். ஆர்க்பார்ஸ் அடிக்குறிப்புக்கு இடம் வைத்திருக்கிறது. வரிகளை அது தன் இஷ்டத்துக்கு ஒட்டிவிடாமல் இருக்க, எழுதியபடியே காட்டு என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவன் மேலே உள்ள எதையும் படிப்பதில்லை. அடியில் உள்ள வரியைப் பார்த்து எண்ணை மாற்றி அடிக்கிறான். அதுவும் உதவித் திரையின் வேலைதான். ஆனால் அந்த ஒரு வரி மட்டும் வரையறையிலிருந்து பிறப்பதில்லை, நான் கையால் எழுதியது. தேர்வின் பெயரை மாற்றினால் அது பொய்யாகிவிடும். அதனால் எல்லா எடுத்துக்காட்டு வரிகளையும் எடுத்து நிரலுக்கே ஊட்டி, ஏற்கிறதா என்று பார்க்கும் ஒரு சோதனையும் சேர்த்திருக்கிறேன்.

தவறாகத் தட்டினால் சரியானதைச் சொல்லித் தருவதும் உதவியில் சேரும். காமிட் என்பதில் ஓர் எழுத்தை விட்டாலும் கிட் நெருங்கிய சொல்லைக் காட்டும். 2025-இல் வந்த பைத்தான் 3.14-இல் ஆர்க்பார்ஸுக்கும் அந்த வசதி வந்திருக்கிறது. இரண்டு சொல்லும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்கிட்டு, 0.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் நெருக்கம் என்று கொள்கிறது. இங்கேயும் எண்ணுவது குறியீடுகளை. பட்டறையில் யாராவது புது லாட்டைப் பதிய வேண்டும் என்ற நினைப்பில் 'பதிவு' என்று தட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தேன். பதிவு, கழிவு இரண்டும் ஐந்தைந்து குறியீடு. இகரக் குறி, வ, உகரக் குறி மூன்றும் பொது. இரண்டால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் சரியாக 0.6. புதிதாக வந்த தோலைப் பதிய நினைத்தவரிடம், கழிவு என்பதா என்று கேட்கிறது கணினி. அவசரத்தில் அதையே அடித்துவிட்டால் நல்ல தோல் கழிவுக் கணக்கில் ஏறும். ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு சொல்லையும் எழுத்துகளாகப் பிரித்துவிட்டால், ப, தி, வு ஒரு பக்கம், க, ழி, வு மறுபக்கம். பொதுவானது ஓரெழுத்து, மதிப்பு 0.33. இப்போது தோல்கணக்கு எழுத்துகளை வைத்துத்தான் ஒப்பிடுகிறது. பதிவு என்று தட்டினால் எதையும் ஊகிக்காமல் நாலு துணைக் கட்டளைகளையும் அவற்றின் விளக்கத்தோடு காட்டி நிறுத்திக்கொள்கிறது.